அறிவித்தல் மேல் ஓர் உறை

அந்த வருஷம் ஆனி மாதத்திலிருந்து எங்கள் ஊரில் செத்தவர்களைப் பார்க்க முடிந்தது, தொட முடியவில்லை. முதலில் அப்படிக் கிடந்தவர் இளைப்பாறிய தபாலதிபர் கனகலிங்கம். விடிய ஆறு மணிக்கு அவருடைய மூச்சு நின்றது, ஒன்பது மணிக்கு அவருடைய மரண அறிவித்தல் இணையத்தில் ஏறியது, பத்து மணிக்கு மூத்த மருமகன் சவரக் கத்தியோடு குனிந்தபோது கத்தி கன்னத்துக்கு நாலு விரல் மேலே எதிலோ வழுக்கிக்கொண்டு போய்த் தலையணையில் குத்தியது. மருமகன் திரும்ப வைத்தான், திரும்ப வழுக்கியது. கையால் தடவிப் பார்த்தான், கண்ணாடியைத் தடவுகிற மாதிரி இருந்தது, ஆனால் கண்ணாடி இல்லை, விளிம்பு இல்லை, மூச்சு பட்டால் ஆவி படியவில்லை. பக்கத்து வீட்டுப் பூமணியக்கா வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்து, "என்னடாப்பா, புது பிரிட்ஜை உறை கழட்டாமல் வைச்சிருக்கிற மாதிரி வைச்சிருக்கிறியள்?" என்றாள். சிலர் சிரித்தார்கள். ஒருவரும் கத்தவில்லை, மயங்கி விழவில்லை. செத்த வீட்டில் தலைக்கு மேல் அலுவல் கிடந்தது, பந்தல்காரன் தடி போதாது என்று நின்றான், ஐயருக்கு இன்னும் சொல்லி அனுப்பவில்லை, ஆகவே பிரேதத்துக்கு மேலே ஏதோ ஒன்று கிடக்கிறது என்பதை ஒத்துக்கொண்டு, அது வழுக்குகிறதே, மாலையை எதில் கட்டித் தொங்கவிடுவது என்கிற யோசனைக்கு எல்லோரும் போய்விட்டார்கள்.

அந்த உறையைச் செய்தவன் நான்.

இருபத்துமூன்று வருஷம் டென்மார்க்கில் கடைகளுக்கும் கப்பல் கம்பனிகளுக்கும் இணையப் பக்கங்கள் செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தேன். செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான் என்பதால் பின்னேரங்களில் அருளம்பலம் அண்ணையின் அச்சகத்தில் போய் இருப்பேன். அவர் கல்வெட்டு அடிக்கிறவர். கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது இல்லை. ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள், வீட்டில் சாப்பிட வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுகிற நினைவுப் புத்தகத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். செத்தவரின் படம், பிறந்த கதை, உத்தியோகம் பார்த்த கதை, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று பாட்டுகள். அந்தப் புலம்பல்களை அருளம்பலம் அண்ணை தானே எழுதுவார். அறிவித்தல்களையும் புலம்பல்களையும் போடுவதற்கு ஓர் இணையத்தளமும் வைத்திருந்தார். ஊரில் ஒருவர் செத்தால் ஏழு நாடுகளில் சொந்தக்காரர் அதைப் பார்த்துத்தான் அறிவார்கள். பிறகு அவர்கள் வீடுகளில் யாரும் செத்தால் அந்தப் புலம்பலையே எடுத்து, பெயரை மாற்றி, தங்கள் கல்வெட்டில் போடுவார்கள். அண்ணைக்கு அது தெரியும். "அழத் தெரியாததுகள் எடுத்து அழட்டும், எனக்கென்ன குறையப் போகுது?" என்பார்.

ஒரே ஒரு புலம்பலைத் தவிர. அவருடைய இளைய மகள் ஒன்பது வயதில் டெங்குக் காய்ச்சலில் போனவள். பிறப்புப் பதிவில் சயந்தினி, வீட்டில் சொப்பி. அவளுக்கு அவர் எழுதியது:

பள்ளிப் பை தொங்குதடி
பாலும் ஆறிப் போகுதடி
படலை திறந்து கிடக்குதடி
எப்ப வருவாய் சொப்பி

ஆறு வருஷம் அது தளத்தில் ஒரு மூலையில் கிடந்தது. அந்தச் சித்திரையில் சீமெந்துக்கடை சபாநாயகம் எண்பத்துநாலு வயதில் செத்தார். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு அருளம்பலம் அண்ணையும் போயிருந்தார், நானும் போயிருந்தேன். கல்வெட்டை வேறு அச்சகத்தில் அடித்திருந்தார்கள். சபாநாயகத்தின் பேரன் ஒருவன் ஒலிபெருக்கியில் அதை உருக்கமாக வாசித்தான். பள்ளிப் பை இருந்த இடத்தில் சாவியை வைத்து, கடைத் திறப்புத் தொங்குதையா, பாலும் ஆறிப் போகுதையா, படலை திறந்து கிடக்குதையா என்று எல்லாம் கவனமாக மாற்றிக்கொண்டு வந்தவர்கள் கடைசி வரியை மறந்துவிட்டார்கள். எப்ப வருவாய் சொப்பி, என்று அவன் வாசித்து முடித்தான். பந்தி அப்படியே நின்றது. பிறகு யாரோ மெல்ல, "ஆரது சொப்பி?" என்று கேட்க, எனக்கு முன்னால் இருந்தவர் பப்படத்தை நொறுக்கியபடி, "கிழவன் ஆருக்கும் தெரியாமல் ஒரு சின்ன வீடு வைச்சிருந்திருக்கு போல" என்றார். பந்தி முழுக்கச் சிரித்தது. செத்தவரின் மகன்மார்கூடச் சிரித்தார்கள். அருளம்பலம் அண்ணை சோற்றைப் பிசைந்த கையோடு எழும்பி வெளியே போனார்.

அடுத்த நாள் பின்னேரம் என் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, பார்க்கிறவன் பார்க்கட்டும். எடுக்கக் கூடாது. ஏலுமோ?"

"முழுக்க ஏலாது அண்ணை. கொஞ்சம் கஷ்டப்படுத்தலாம்."

"எப்பிடி?"

நான் சொன்னேன். இணையப் பக்கத்தில் எழுத்து, படம், கரை எல்லாம் ஒவ்வொரு பெட்டியாக இருக்கும். சிஎஸ்எஸ் என்று ஒன்று இருக்கிறது, எந்தப் பெட்டி எங்கே, எது எதற்கு மேலே என்று அதில் சொல்லலாம். எழுத்து இருக்கிற பெட்டிக்கு மேலே அதே அளவில் இன்னொரு பெட்டி, உள்ளே ஒன்றும் இல்லாத, நிறமே இல்லாத பெட்டி ஒன்றை வைத்துவிட்டால் கண் ஊடுருவிப் போய் எழுத்தைப் பார்க்கும், விரல் போகாது. அழுத்துகிறவன் மேலே கிடக்கிற வெறும் பெட்டியைத்தான் அழுத்துவான், இழுக்கிறவன் அதைத்தான் இழுப்பான்.

"கண்ணாடி அலுமாரி மாதிரி."

"ஓம். ஆனால் பூட்டு இல்லை அண்ணை. மேலை மட்டுந்தான் மூடும். அடியில எல்லாம் அப்பிடியே கிடக்கும். பக்கத்தைப் பிரட்டிப் பார்க்கத் தெரிஞ்சவன் எடுப்பான்."

"எங்கடையாக்கள் பிரட்டிப் பார்க்கமாட்டாங்கள்" என்றார் அவர். "பிரட்டிப் பார்க்கிறவங்கள் எண்டால் அந்தக் கடைசி வரியையும் பார்த்திருப்பாங்கள்."

சொப்பியின் பக்கத்துக்கு மட்டும் அதைப் போட்டிருக்கலாம். தளத்தில் எல்லாப் பக்கங்களும் ஒரே அச்சில் வார்த்தவை, ஒன்றுக்கு மட்டும் பிரித்துச் செய்ய அரை மணித்தியாலம் கூடப் பிடிக்கும், நான் அந்த அரை மணித்தியாலத்தை மிச்சம் பிடித்தேன். உறை எல்லாப் பக்கத்துக்கும் விழுந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். நான் அந்த வெறும் பெட்டிக்குச் சொப்பி என்று பெயர் வைத்தேன். மூன்றாம் நாள் தபாலதிபர் கனகலிங்கம் செத்தார்.

உறை அறிவித்தலோடுதான் விழுகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் சூசைதாசன். அவர் சவப்பெட்டி கொண்டுவந்து, பிரேதத்தை உடுத்தி, சுடலைவரை கூடவே வருகிறவர், இந்துச் சாவு கிறிஸ்தவச் சாவு என்று பார்க்காமல் இரண்டுக்கும் வருகிறவர். ஒரு நாள் காலையிலிருந்து ஊரில் கரண்ட் இல்லை, அறிவித்தல் போட முடியவில்லை, அன்றைக்குச் செத்த கிழவியைப் பின்னேரம்வரை குளிப்பாட்டவும் முடிந்தது, பொட்டு வைக்கவும் முடிந்தது. கரண்ட் வந்து அறிவித்தல் ஏறியதும் வாய்க்கரிசி வாயில் விழாமல் உருண்டு பாயில் போனது. "இது அருளம்பலத்தாரின்ர வேலை" என்று சூசைதாசன் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை, தண்ணீர்க் குழாய் எங்கேயிருந்து வருகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஊர் அதைத் தன் வழக்கங்களோடு சேர்த்துக்கொண்டது. மாலைகளைத் தொங்கவிட மூங்கிலில் ஒரு சட்டம் வந்தது. வாய்க்கரிசி போட்டால் போட்டதுதான், அது எங்கே விழுகிறது என்பது நம் பொறுப்பு இல்லை என்று ஐயர் சொல்லிவிட்டார். தீ கீழேயிருந்து பிடித்து ஏறியதால் சுடலையில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஈ, இலையான் மொய்க்கவில்லை, மணக்கவில்லை. உறை விழுந்த பிரேதம் எத்தனை நாளானாலும் விழுந்த நேரத்தில் இருந்த மாதிரியே கிடந்தது. கனடாவிலிருந்து மகன் வரும்வரை, லண்டனிலிருந்து மருமகளுக்கு லீவு கிடைக்கும்வரை, கட்டிலிலேயே வைத்திருக்க முடிந்தது. பெட்டி கடைசி நாளில் வந்தால் போதும். பிரேதம் கெடாமல் மருந்து ஏற்றுகிற தொழில் படுத்துவிட்டது என்று சூசைதாசன் மட்டும் சில நாள் புறுபுறுத்தார், பிறகு அவரும் மூங்கில் சட்டம் வாடகைக்கு விடத் தொடங்கினார்.

எல்லாவற்றையும்விட, மூச்சு நிற்பதற்கும் அறிவித்தல் ஏறுவதற்கும் இடையில் ஒரு நேரம் உண்டானது. அதற்குத் தொடுநேரம் என்று பெயர் வந்தது. ஆள் போய்விட்டது என்று தெரிந்ததும் அடுத்தடுத்த வீட்டுக்காரர் ஓடி வந்து வரிசையில் நின்று, காலைத் தொட்டு, கன்னத்தைத் தடவி, கட்டிப் பிடித்து, அழுது முடித்துவிட்டு, "சரி, இனிப் போடுங்கோ" என்று எனக்கு ஆள் அனுப்புவார்கள். நான் போடுவேன். ஏழு நாடுகளில் தொலைபேசிகள் சிணுங்கும். அந்த நாடுகளில் இருந்தவர்களுக்குத் தொடுநேரம் இல்லை. வந்து இறங்குகிறவர்கள் ஆசுப்பத்திரிக் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவர்கள் மாதிரி நின்றார்கள். பாரிஸிலிருந்து வந்த ஒருவன் தன் தமையன்மாரைப் பார்த்து, "நீங்கள் எல்லாரும் தொட்டு முடிச்சுப்போட்டுத்தானே எனக்கு அறிவிச்சனீங்கள்" என்று கத்தினான். அவன் சொன்னது உண்மை.

அன்று பின்னேரமே நான் அருளம்பலம் அண்ணையிடம் போய், உறையைக் கழட்டிவிடட்டுமா என்று கேட்டேன்.

"ஆரும் கேட்டவையோ?"

ஒருவரும் கேட்கவில்லை. பிரேதம் பழுதாகாமல் கிடப்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

"அப்ப விடு" என்றார். "சொப்பியை ஒருத்தனும் இதுவரைக்கும் தொடேல்லை."

புரட்டாதியில் அவருடைய மனைவி இந்திராணியக்கா செத்தார். பாரிசவாதம் வந்து ஏழு மாதம் படுக்கையில் கிடந்தவர். படுக்கையில் கிடக்கிறார் என்பது ஊருக்குத் தெரியும், ஆனால் அந்த அறைக்குள் ஒருவரையும் அண்ணை விடவில்லை. சமையல், துவைப்பு, மருந்து எல்லாம் தானே. பூமணியக்கா கஞ்சி கொண்டுபோனால் வாசலில் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவார். மூத்த மகள் நிரஞ்சலா நோர்வேயில் இருந்தாள். இருபது வயதில் போனவள், பதினேழு வருஷம், அதில் பதினைந்து வருஷம் அகதி வழக்கு. சொப்பி அவள் போன பிறகு பிறந்து, அவள் வருவதற்கு முன் செத்தவள். தங்கச்சியைப் பிறந்ததிலிருந்து எரித்ததுவரை தொலைபேசியில்தான் கண்டாள். தாயையும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணை தொலைபேசியை இந்திராணியக்காவின் முகத்துக்கு நேரே பிடிப்பார், முகத்துக்கு மட்டும் பிடிப்பார். கால் கொஞ்சம் ஏலாது, மற்றப்படி சுகம் என்பார். முகம் வடிவாகத்தான் இருந்தது என்று நிரஞ்சலா பிறகு சொன்னாள்.

இந்திராணியக்கா போன அன்று விடிய ஐந்து மணிக்கு அண்ணை என்னை அழைத்தார். போனபோது முற்றத்தில் பெண்கள் குளிப்பாட்டுவதற்கு மஞ்சளும் அரப்பும் கொண்டு நின்றார்கள். தொடுநேரம், எல்லோரும் வந்துவிட்டார்கள். அண்ணை அறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"நிரஞ்சி வந்து தொடாமல் ஒருத்தரும் தொடக்கூடாது."

"அருளம்பலம், அவள் நோர்வேயில நிக்கிறாள்" என்றாள் பூமணியக்கா. "வரும்வரைக்கும் குளிப்பாட்டாமல் கிடத்தி வைக்கிறதோ? இந்த வெயிலுக்கு?"

"கிடக்கட்டும்."

"விசர் கதை கதையாதையும்."

"அக்கா, நான் சொல்லிப்போட்டன்."

அந்த மனுஷன் மகளுக்காக ஊரையே தள்ளி வைக்கிறான் என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கூடத்தில் இருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் இந்திராணியக்காவின் கூறைச்சேலையை மடிப்புக் கலைத்து, கழுத்திலிருந்து பாதம்வரை மேலே விரித்துவிட்டிருந்தார். வாசலிலிருந்து பார்க்க மணப்பெண் படுத்திருக்கிற மாதிரி இருந்தது.

பின்னேரம் மூன்று மணிக்கு நிரஞ்சலா அழைத்தாள். அவசரமாகப் போய்வரப் பயணப் பத்திரம் கேட்ட இடத்தில் சாவுக்கு அத்தாட்சி கேட்கிறார்கள், தமிழில் இருக்கிற மரணப் பத்திரத்தை மொழிபெயர்த்து முத்திரை வாங்க ஒரு கிழமையாகும், ஆனால் அறிவித்தலில் ஆங்கிலமும் இருக்கும் என்று தான் சொல்ல, அது போதும் என்றார்களாம். ஆங்கிலப் பகுதியை எப்போதும் நான்தான் எழுதுவேன். அறிவித்தல் ஏறினால் அவள் வரலாம். அறிவித்தல் ஏறினால் அவள் தொட முடியாது. உறையைப் பற்றி அவளுக்கும் தெரிந்திருந்தது, ஏழு நாடுகளிலும் தெரிந்திருந்தது.

"அப்பாவிட்டைச் சொல்லுங்கோ அண்ணா" என்றாள் என்னிடம். "எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். ஒருக்கால் அம்மாவைத் தொட வேணும். சொப்பியைத்தான் தொடேல்லை."

நான் தொலைபேசியை மூடிவிட்டு அண்ணையைப் பார்த்தேன். உறையை முதலில் கழட்டிவிட்டுப் பிறகு அறிவித்தலைப் போடலாம் என்றேன். எல்லாப் பக்கத்திலிருந்தும் போகும், சொப்பியின் பக்கத்திலிருந்தும் போகும். அவர் கதவுநிலையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

"எடு" என்றார்.

எடுத்தேன். நாலு மணிக்கு அறிவித்தலைப் போட்டேன். ஐந்து மணிக்குள் சொப்பியின் புலம்பலை நாலு பேர் எடுத்திருந்தார்கள் என்று பிறகு கண்டேன், அதில் ஒருவர் யாரோ ஒரு வங்கி முகாமையாளருக்காக எடுத்திருந்தார். அண்ணையிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவர் உள்ளே போய் இந்திராணியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். கை கைக்குள் இருந்தது. ஆறு மணிக்கு அவருடைய கை மெல்ல மேலே தள்ளுப்பட்டு, கழன்று, வழுக்கி, நாலு விரல் உயரத்தில் வெறுமையில் தங்கியது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நான் ஓடிப்போய்க் கணினியைத் திறந்தேன். எங்கள் தளத்தில் உறை இல்லை. அப்போதுதான் மற்றத் தளங்களைத் தேடிப் பார்த்தேன். எங்கள் எழுத்தை எடுக்க முடியாமல் இருந்த மூன்று மாதத்தில் அவர்கள் எல்லோரும் எங்கள் உறையை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். இந்திராணியக்காவின் அறிவித்தலைக் கண்ணால் பார்த்துத் திரும்பத் தட்டி, தங்கள் தளத்தில் போட்டு, அதற்கு மேலே உறையையும் போட்டிருந்தார்கள். அடுத்த நாள் காலை எண்ணினேன், பதினொரு தளங்கள். பதினொன்றிலும் அந்த வெறும் பெட்டிக்குச் சொப்பி என்றே பெயர் இருந்தது. ஒருவரும் மாற்றவில்லை.

கழட்டச் சொல்லி எல்லோருக்கும் எழுதினேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். மற்றவர், இது எங்கள் சொந்த வடிவமைப்பு, இதைப் பிரதி பண்ண முயல வேண்டாம் என்று எச்சரித்தார். கட்டிலில் இந்திராணியக்காவின் முகம் பதினொரு உறைத் தாளுக்கு அடியில் கொஞ்சம் நீலம் பாரித்து, ஆழமான கிணற்றுக்குள் தெரிகிற முகம் போலக் கிடந்தது. எங்கள் ஊரில் அதற்குப் பிறகு செத்த எவரிலிருந்தும் உறை போகவில்லை, இன்றைக்கும் போகவில்லை.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு நிரஞ்சலா வந்தாள். பெரிய பயணப் பெட்டியை வாசல் படலையோடு விட்டுவிட்டு, குளிர்க்கோட்டைக் கையில் மடித்துப் போட்டபடி, சொந்தக்காரர் ஒருவரையும் பார்க்காமல் நேரே அறைக்குள் போனாள். அவள் கை போய் நாலு விரல் உயரத்தில் நின்றது. வலப்பக்கம் தடவினாள், இடப்பக்கம் தடவினாள், கன்னத்துக்கு மேலே, கைக்கு மேலே, பாதத்துக்கு மேலே.

"ஏலாது பிள்ளை" என்றார் அண்ணை, சுவரோடு நின்று. "கழட்டிப் பார்த்தம். போகேல்லை. பாக்கலாம் பிள்ளை. வடிவாப் பார்."

"பாக்கிறதுக்கே அப்பா நான் வந்தனான்? பதினேழு வருஷமாப் பாத்துக்கொண்டுதானே இருந்தனான்."

கூடத்தில் யாரோ விம்மினார்கள். அவள் அழவில்லை. கூறைச்சேலையின் கரையை இரண்டு விரலால் கிள்ளி எடுக்க முயன்றுகொண்டே இருந்தாள், நகம் வழுக்கி வழுக்கிப் போனது. ஐந்து நாளாக எனக்குள் கிடந்ததை, ஐந்து நாளாக யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டதை, அப்போது சொன்னேன்.

"நிரஞ்சலா, அது மேலைதான். அடியில இல்லை."

அவள் திரும்பினாள்.

"தம்பி, வேண்டாம்" என்றார் அண்ணை.

செத்த வீட்டில் ஊர் முன்னால் மகள் நிலத்தில் தவழ வேண்டாம் என்று சொல்கிறார் என்றே நான் நினைத்தேன். இன்றைக்கு எங்கள் ஊரில் வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லோரும் கட்டிலுக்கு அடியில் போகிறார்கள், சூசைதாசன் உயரக் காலோடு கட்டில்கூட வைத்திருக்கிறார். ஆனால் அன்றுவரை ஒருவரும் போனதில்லை. அவள் கோட்டை என் கையில் தந்தாள். குந்தி, கையை ஊன்றி, சீமெந்து நிலத்தில் மல்லாந்து படுத்து, குதிகாலால் உந்தி உந்திக் கட்டிலுக்கு அடியில் போனாள். அது நைலோன் நாடா பின்னிய கட்டில், நாடாவுக்கு நாடா இரண்டு விரல் போகிற இடைவெளி. மெத்தை இல்லை. நாடாவின் மேலே வாழையிலை விரித்திருந்தது. காய்ந்த இலையை அவள் விரல்கள் இடைவெளிக்குள்ளால் கிழிக்கிற சத்தம் கேட்டது, கிழிசல்கள் அவள் நெஞ்சில் விழுந்தன. பிறகு சத்தம் இல்லை. ஐந்து நாளாக அடைபட்டுக் கிடந்த புண்மருந்து மணம் கட்டிலுக்கு அடியிலிருந்து மெல்ல வந்து அறை முழுக்க நிறைந்தது. பூமணியக்கா சேலைத் தலைப்பை எடுத்தாள், மூக்குக்குக் கொண்டுபோகாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அப்பா."

அண்ணை சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"அப்பா, அம்மான்ர முதுகு எங்கை?"

எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம்.

"இவ்வளவும் புண்ணா? எலும்பு முட்டுதே அப்பா. எத்தினை மாசம்?"

"அஞ்சு" என்றார். "ஆறு."

"கால் கொஞ்சம் ஏலாதெண்டு சொன்னியள்."

"உனக்குச் சொல்லி, நீ அங்கை இருந்து என்ன செய்வாய் பிள்ளை? இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பிரட்ட வேணும் எண்டு டொக்டர் சொன்னவர். நான் பிரட்டினனான். கொம்மா பாரம். நான் தனிய. சில நேரம் நித்திரையாப் போடுவன்." அவர் குரல் சுவரோடு பேசுவது போல இருந்தது. "வேறை ஆரும் பாத்தால் அவ கூசுவா. பாக்க விடாதேங்கோ எண்டு கண்ணாலை சொல்லுவா. விடேல்லை."

அதனால்தான் குளிப்பாட்ட விடவில்லை. அதனால்தான் தொடுநேரத்தில் கதவை மறித்துக்கொண்டு நின்றார். கூடத்தில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அடியில் அவள் கை நகர்ந்துகொண்டிருந்தது. நாடா ஒவ்வொன்றாகக் கடந்து, தோளிலிருந்து இடுப்புவரை, நின்று நின்று போனது.

"சட்டை முதுகுப்பக்கம் வெட்டியிருக்கு" என்றாள்.

"உரசும் எண்டு வெட்டினனான்."

"கரை மடிச்சுத் தைச்சிருக்கு."

"நூல் குத்தாமல் இருக்க."

"ஆர் தைச்சது?"

"ஆர் தைக்கிறது" என்றார். "நான்தான்."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். கட்டில் நாடாக்கள் நடுங்குவதைத்தான் நாங்கள் கண்டோம். மேலே பதினொரு தாளுக்கு அடியில் இந்திராணியக்காவின் முகம் அசையாமல் இருந்தது. முற்றத்தில் சூசைதாசன் பெட்டியோடு வந்து இறங்கினார், ஐயர் நேரத்தைப் பார்த்தார், கேட்க உள்ளே வந்த யாரோ அப்படியே திரும்பிப் போனார்கள்.

"தண்ணி கொண்டு வாங்கோ" என்றாள். "இளஞ்சூடா. பழைய பருத்தித் துணியும்."

பூமணியக்கா எழும்பினாள். அண்ணை அவளைக் கையால் மறித்துவிட்டுத் தானே குசினிக்குப் போனார். வாளியில் தண்ணீரும், கிழித்துக் கிழித்து அடுக்கி வைத்திருந்த துணிகளும் கொண்டு வந்தார். துணிகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தன. வாளியைக் கட்டில் காலோடு வைத்தார். அவள் துணியை நனைத்து இரண்டு விரலில் சுற்றி நாடா இடைவெளிக்குள்ளால் மேலே கொடுத்து ஒற்றினாள். அழுக்கும் மருந்தும் கலந்த தண்ணீர் அவள் முகத்திலும் கழுத்திலும் சொட்டியது. கண்ணை மூடினாளே தவிர முகத்தைத் திருப்பவில்லை. ஒரு துணி முடிந்ததும் கையை வெளியே நீட்டினாள், அவர் அடுத்த துணியைக் கொடுத்தார். நாலாவது துணியை அவர் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அறுபத்துமூன்று வயது, முழங்கால் மடங்காத மனுஷன், சுவரைப் பிடித்துக் குந்தி, ஒரு கையை ஊன்றி, மறு கையை ஊன்றி, பக்கவாட்டில் சரிந்து, ஈரச் சீமெந்தில் மல்லாந்து, மகளுக்குப் பக்கத்தில் நகர்ந்து போனார். இரண்டு பேருடைய பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவள் துணியை அவருடைய விரல்களில் சுற்றிவிட்டு, அந்தக் கையைப் பிடித்து மேலே கொண்டுபோனாள்.

"இஞ்சை அப்பா" என்றாள். "மெல்லமா."